ஆர்எக்ஸ்-8 புகைக்குழாயில் நெருப்பு வந்தால் முதலில் கொயிலைப் பாருங்கள்

மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றைக் கொழும்பில் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். 1.3 லீற்றர் ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, இரண்டு முக்கோண ரோட்டர்கள்தான். நிமிடத்துக்கு 9000 சுற்று வரைக்கும் அலுக்காமல் ஏறும். கொழும்பு வெயிலும் நெரிசலும் இந்தக் காருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பலர் சொன்னார்கள். கூலிங் ஒழுங்காக இருந்தால் ஒத்துக்கொள்கிறது. என்னை உண்மையில் பயப்படுத்தியது சைலன்சர் வெடிதான்.

அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'டப் டப்' என்று வெடிக்கத் தொடங்கியது. ஒரு நாள் இரவு மரைன் டிரைவில் பின்னால் வந்த நண்பன் போன் எடுத்து, "மச்சான், குழாயால நெருப்பு வருது" என்றான். பார்க்கிறவர்களுக்கு இது ரசனையாக இருக்கலாம். ஆனால் காலி வீதி (Galle Road) நெரிசலில் பம்பரை ஒட்டியே ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் நிற்கின்றன. அங்கே நெருப்புத் துப்பும் காரோடு நிற்க எனக்கு மனமில்லை.

எஞ்சினுக்குள் எரிய வேண்டிய பெற்றோல் எரியாமல் வெளியேறி, சூடான குழாயில் காற்றோடு சேர்ந்து பற்றுவதுதான் அந்த நெருப்பு. பல கராஜ்களில் முதலில் குழாயைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். அதிலும் நியாயம் உண்டு: எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்து மானிஃபோல்ட் கஸ்கெட் ஒழுகினால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு வெடிக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, குழாய் வாயைத் தடித்த துணியால் கொஞ்சம் அடைத்தால் ஒழுகும் இடத்தில் 'புஸ்' என்று கேட்கும். என் காரில் கேட்கவில்லை.

ரோட்டரியில் கோளாறு ஒளிந்துகொள்ளும் இடம் வேறு. ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக்: லீடிங் முதலில் பற்றவைக்கும், ட்ரெய்லிங் சற்றுப் பிந்தி. ஒவ்வொரு பிளக்குக்கும் பொறி பறக்க மின்சாரம் கொடுப்பது ஒரு கொயில். லீடிங் கொயில் பலவீனமானாலும் ட்ரெய்லிங் பிளக் எப்படியோ சமாளித்துவிடும். கார் ஓடும், செக் எஞ்சின் விளக்குகூட உடனே எரியாமல் இருக்கலாம். ஆனால் பிந்திப் பற்றியது எரிந்து முடிவதற்குள் எக்ஸோஸ்ட் வாய் திறந்துவிடும். மிச்சம் குழாய்க்குள் போகிறது. இழுவை குறைவதும், பெற்றோல் கூடுதலாகக் குடிப்பதும், பின்னால் பச்சைப் பெற்றோல் மணப்பதும் இதனால்தான்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் ரோட்டரி தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். "தம்பி, சைலன்சரப் பிறகு பாப்பம். மொதல்ல கொயில இடம் மாத்திப் போடுவம்" என்றார். கம்ப்யூட்டரில் பி0301 என்று முதல் ரோட்டரின் மிஸ்ஃபயர், அதாவது பெற்றோல் சரியாகப் பற்றாத கோளாறு, பதிவாகியிருந்தது. இரண்டு லீடிங் கொயில்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி, நெடுஞ்சாலையில் நன்றாக இழுத்துப் பார்த்தோம். கோட் பி0302 ஆனது. கொயிலோடு கோளாறும் அடுத்த ரோட்டருக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். முந்தைய சொந்தக்காரர் போட்டிருந்த, பெயரே இல்லாத மலிவுக் கொயில்கள் அவை. நான்கையும் மாற்றினோம், பிளக், வயர்களையும் சேர்த்து. லீடிங் பிளக்கும் ட்ரெய்லிங் பிளக்கும் வேறு வேறு. இடம் மாற்றிப் பூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெருப்பு நின்றது.

அதோடு விட்டுவிடக் கூடாது. எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிக் கன்வேட்டரைக் கண்டபடி சூடாக்கி, உள்ளே உருக்கி அடைத்துவிடும். அடைத்தால் அந்தச் சூடு எஞ்சினுக்கே திரும்பி ரோட்டர் சீல்களைத் தின்னும். செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். நாங்கள் கன்வேட்டரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தோம், வெளிச்சம் தாராளமாக மறுபக்கம் வந்தது. அப்புறம் கம்ப்ரெஷனும், அதாவது எஞ்சினுக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்றும், பார்த்தோம். அதற்கு ரோட்டரிக்கென்றே உள்ள மீற்றர் வேண்டும். சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது.

கன்வேட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடச் சொல்பவர்கள் உண்டு. வெடி கூடும், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் மாட்டவும் கூடும். வேண்டுமென்றே வெடிக்க வைக்கும் ட்யூனிங்கும் எனக்கு உடன்பாடில்லை; அது எரியாத பெற்றோலைக் காசு கொடுத்துக் குழாய்க்குள் அனுப்பும் வேலை. நல்ல சூட்டில் உயர் சுற்றிலிருந்து காலை எடுக்கும்போது மெல்லிய ஒரு 'பொப்' இப்போதும் கேட்கிறது. இந்த எஞ்சினுக்கு அது இயல்புதான், அதை நான் தேடிப் போவதில்லை.