டப்பா கட்டறதா, சத்துணவா, கேன்டீனா? ராயக்கோட்டை பக்கத்துல நாங்க எடுத்த முடிவு

எங்க வீட்ல ரெண்டு புள்ளைங்க, பெரியவன் ஏழாவது, சின்னவ மூணாவது, ரெண்டு பேரும் ராயக்கோட்டை பக்கம் ஒரே கவர்மெண்ட் நடுநிலைப்பள்ளி. வசதி கொஞ்சம் இருந்தாலே சத்துணவு வேணாம், டப்பா கட்டிக் குடுத்தாதான் மரியாதைன்னு எங்க தெருவுல ஒரு நெனப்பு இருக்கு. நாங்க சத்துணவுதான்னு முடிவு பண்ணிட்டோம், அதனால அந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுவேன்.

காசு பத்தி பேச ஒன்னும் இல்ல, சத்துணவு இலவசம். ருசி கேட்டா வீட்டு சாப்பாடுதான் முன்ன, அதுலயும் சண்டை இல்ல.

எனக்கு முக்கியமா பட்டது சமைச்சதுக்கும் சாப்பிடறதுக்கும் நடுவுல ஓடற நேரம். நான் ஓசூர் கம்பெனி பஸ்ஸ புடிக்கணும்னா காலைல அஞ்சு மணிக்கே சோறு இறக்கியாகணும், புள்ளைங்க சாப்பிடறது பன்னெண்டரைக்கு மேல, அதுவரைக்கும் அந்த தக்காளி சாதம் மூடுன டப்பாவுல பைக்குள்ளயே கெடக்கும், ஏப்ரல் மாச வெயில்ல அது என்னாகும்னு சொல்லவே வேணாம். அரிசில பாசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா உண்டு, சோறு வெந்தாலும் அதோட வித்து சாகாது, வெதுவெதுன்னு மூடி வெச்சா பெருகும், வாந்தி வயித்துப்போக்கு வரும். சூடா அடைச்சு மூடறது தப்பு, ஆறவெச்சு கட்டுனாலும் அவ்ளோ நேரம் வெயில்ல கெடந்தா கெட வாய்ப்பு உண்டு, அதுலயும் அஞ்சரை மணி அவசரத்துல யாரு ஆறவெக்கறாங்க? அவிச்ச முட்டைய வெச்சா தொறக்கறப்ப வர்ற வாசனைக்கே புள்ளை மூடி வெச்சிடும். நம்ம ஊரு களி? ஆறுனா கட்டியாயிடும், டப்பாவுக்கு ஆகவே ஆகாது.

சத்துணவுல இந்த பிரச்சனை இல்ல. அங்கயே சமைச்சு சூடா போடறாங்க, வெஜிடபிள் பிரியாணி, தக்காளி சாதம், சாம்பார் சாதம், கொண்டைக்கடலை புலாவ்னு மாத்தி மாத்தி, கூடவே ஸ்கூல் இருக்கற நாள்லாம் முட்டை, முட்டை சாப்பிடாத புள்ளைக்கு வாழைப்பழம். அஞ்சாவது வரைக்கும் ஒரு புள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதுக்கு மேல 150 கிராம்னு கணக்கு. எத்தன வீட்ல தினம் ஆளுக்கொரு முட்டை கட்டிக் குடுக்க முடியும்னு யோசிச்சு பாருங்க. சின்னவளுக்கு காலை உணவும் அங்கயே, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சே அந்த திட்டம், பொங்கல், கிச்சடி, சாம்பார்னு போடறாங்க. காலைல கூட்டமா உக்காந்து சாப்பிடறதால வீட்ல அடம்புடிக்கற புள்ளையும் சாப்பிடுது.

ஆனா ஒன்னு, எல்லா ஸ்கூல்லயும் சமையல் ஒரே மாதிரி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன், எங்க ஸ்கூல் அக்கா நல்லா சமைக்கறாங்க, உங்க ஊர்ல எப்படின்னு நேர்ல ஒரு நாள் போய் பாருங்க. எந்த தண்ணில சமைக்கறாங்கன்னும் கேளுங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணில ஃப்ளோரைடு தொல்லை உண்டு, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே அதுக்குத்தான் வந்துச்சு, புள்ளைங்க பல்லுல கறை ஏறறது நமக்கு புதுசு இல்ல.

தனியார் ஸ்கூல் கேன்டீன் பத்தி எனக்கு நேரடி அனுபவம் கம்மி, ஓசூர்ல இருக்கற அக்கா பையன் மாசக் கட்டணம் கட்டி சாப்பிடறான், சாப்பாடு சூடாதான் கெடைக்குதாம், ஆனா பக்கத்துலயே பப்ஸும் பாக்கெட் ஜூஸும் விக்கறதால சோத்த பாதில விட்டுட்டு அங்க போயிடறான்னு அக்கா பொலம்பும். கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா இருக்கற ஐட்டத்த ஸ்கூல் கேன்டீன்லயும் கேட்ல இருந்து 50 மீட்டருக்குள்ளயும் விக்கக் கூடாதுன்னு 2020லயே உணவு பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கு, பெத்தவங்க அதை எடுத்து கேக்கலாம்.

சத்துணவுல எனக்கு பத்தாத எடம் ராகி. 100 கிராம் ராகில சுமார் 340 மில்லிகிராம் கால்சியம், அரிசில அதுல பத்துல ஒரு பங்கு கூட கெடையாது. அதனால சோறு அங்க, நொறுக்கு இங்கன்னு பிரிச்சுட்டோம். முருங்கக்கீரை போட்ட ராகி அடை, வறுத்த நெலக்கடலையும் வெல்லமும் சேத்த உருண்டை, இதுல உருண்டைய ராத்திரியே செஞ்சு வெச்சாலும் மறுநாள் இன்டர்வெல்லுக்கு கெடாது. பெரியவனுக்கு காலைல ஸ்கூல்ல சாப்பாடு கெடையாது, அவன் வீட்லயே ராகி கூழுல மோர் ஊத்தி சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு குடிச்சிட்டுதான் கெளம்புவான்.