தைரொயிட் குறைபாடு: கிளிநொச்சிக் கிளினிக்கில் கிடைத்த சிகிச்சை

தைரொயிட் சுரப்பி குறைவாக இயங்கும் என் தாயாருக்கு நாங்கள் முதலில் நாடிய தனியார் சிகிச்சை நிலையம், இரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்யாமலே, தொடங்கிய சில நாட்களில், குறைந்த தைரொயிட் ஹோர்மோனை ஈடுசெய்யும் தைரொக்சின் மாத்திரையின் அளவைக் கூட்டியது. இம்மருந்தில் பாதி இரத்தத்திலிருந்து நீங்கவே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். மாற்றிய அளவின் முழுப் பயனை டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) இரத்தப் பரிசோதனையில் காண 6 முதல் 8 வாரங்கள் வேண்டும். ஆகவே அந்த அவசரத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் மருத்துவக் கிளினிக்கில் கிடைத்த கவனிப்பு முற்றிலும் வேறானது. பொது வைத்திய நிபுணர் களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை அனைத்தையும் பொறுமையாகக் கேட்டு, டி.எஸ்.எச்., டி4 (தைரொயிட் சுரக்கும் ஹோர்மோன்) இரண்டின் அளவையும் பார்த்து, வயதையும் இதயத்தையும் கருதி அளவைத் தீர்மானித்தார். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, தேநீருக்கும் காலை உணவுக்கும் குறைந்தது அரை மணித்தியாலம் பொறுக்கவும், இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி விடவும் அவர் விளக்கியது மிகப் பெறுமதியானது. எழுந்தவுடன் பால்தேநீர் அருந்தும் நம் வீடுகளில் மருந்து சரியாக உறிஞ்சப்படாமல் போவது இந்த இடைவெளி விடாததால்தான்.

அரச வைத்தியசாலை என்பதால் கட்டணமில்லை. கர்ப்பிணிகளும் கழுத்தில் கட்டியுள்ளவர்களும் அகஞ்சுரப்பியியல் (ஹோர்மோன் நோய்) நிபுணரைக் காண, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்டுப் பெறலாம்.