போஸ் கிராமமா, பெர்ஷ் கிராமமா: கழிவுநீர் தீர்மானித்த தேர்வு

பாரிசின் மொன்பார்னாஸ் நிலையத்தில் லெ மான் செல்லும் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஷார்த்ர் வரும். இறங்காமல் இன்னும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அமர்ந்திருந்தால் நொஜான்-லெ-ரொத்ரு வரும். இரண்டும் ஏர்-எ-லுவார் என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தாலும், முன்னது போஸ் என்னும் கோதுமைச் சமவெளியைச் சேர்ந்தது, பின்னது பெர்ஷ் என்னும் குன்றுப் பகுதியைச் சேர்ந்தது. பாரிஸ் வாடகை வீட்டை விட்டு வெளியேற முடிவு செய்தபோது இரு பகுதியிலும் விவசாயக் கிராமங்களில் வீடு பார்த்தோம், வாங்கியது போஸில். அங்கே மூன்று குளிர்காலங்களைக் கழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன் என்பதால், நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அழகில் பெர்ஷ் வெல்கிறது. உயிர்வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்கள், ஆப்பிள் தோப்புகள், ஒரு காலத்தில் பாரிசின் பொதுவண்டிகளை இழுத்த பெர்ஷ்ரோன் குதிரைகள், 1998 முதல் வட்டார இயற்கைப் பூங்கா என்ற பாதுகாப்பு என்று எல்லாம் அந்தப் பக்கம்தான். போஸில் மரம் தேட வேண்டும். அடிவானத்தில் காற்றாலைகளும், வானம் தெளிந்த நாளில் ஷார்த்ர் பேராலயத்தின் இரு கோபுரங்களும் தெரியும். மற்றபடி கோதுமை, வாற்கோதுமை, ஏப்ரலில் மஞ்சளாகப் பூக்கும் கொல்சா என்னும் எண்ணெய்வித்துப் பயிர், அவ்வளவுதான். நாங்கள் பார்த்த வீடுகளின் விலையில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

வேறுபாடு மண்ணிலும், அந்த மண் மனிதரைக் குடியமர்த்திய விதத்திலும் இருந்தது. போஸின் வளமான வண்டலுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை; பெய்த மழை உள்ளே இறங்கிவிடுவதால் ஆறுகள் குறைவு, கிணறுகள் ஆழம். மேலும், வயல்களை மூன்றாண்டுச் சுழற்சியில் ஊரே ஒன்றுகூடிப் பயிரிட்டு, அறுவடைக்குப் பின் ஆடுகளைப் பொதுவில் மேய்த்த பழைய ஒழுங்கும் மக்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தது. அதனால் முற்றத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிய பண்ணை வீடுகள் ஒரே தெருவில் தோளோடு தோள் நிற்கின்றன. பெர்ஷிலோ களிமண் மிகுதி, ஊற்றுகளும் மிகுதி. ஆகவே அவரவர் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, இரண்டு மூன்று வீடுகள் கொண்ட சிற்றூர்களாகச் சிதறியிருக்கிறார்கள்.

இந்தப் பழைய நிலவியல் பாடம் எங்கள் பணப்பையைத் தொட்டது கழிவுநீர் விஷயத்தில். சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குப் பொதுக் குழாய் இழுப்பது கட்டுபடியாகாது என்பதால் பெர்ஷில் நாங்கள் பார்த்த எல்லா வீடுகளிலும் தனி மலக்குழியே இருந்தது. அத்தகைய வீட்டை விற்கும்போது, மூன்றாண்டுக்கு உட்பட்ட ஆய்வறிக்கை ஒன்றை இணைக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். குறை இருந்து, விற்பவர் சரிசெய்யாமல் விட்டால், வாங்குபவர் ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். எங்களுக்குப் பிடித்துப்போன வீட்டின் அறிக்கையில் குறை இருந்தது. களிமண் நீரை உறிஞ்சாது என்பதால் குழியை மாற்றினால் மட்டும் போதாது, வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து வடிபடுகை அமைத்து, வடிந்த நீர் வெளியேறவும் வழி செய்ய வேண்டும் என்றார் ஒப்பந்தக்காரர். அவர் தந்த மதிப்பீடு 13,000 யூரோ. தோட்டத்தின் பாதியைத் தோண்ட வேண்டும், அதன் மேல் மரம் நடக்கூடாது, வண்டி நிறுத்தக்கூடாது. பிறகு, சேறு பாதியளவு நிரம்பும்போதெல்லாம் உறிஞ்சு வண்டியை அழைக்க வேண்டும், அவ்வப்போது வரும் ஆய்வாளருக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். போஸ் வீட்டிலோ பொதுக் கழிவுநீர்க் குழாய் வாசல்வரை வந்து நிற்கிறது. தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்து வருவதைச் செலுத்திவிட்டு மறந்துவிடலாம். ஆனால் போஸின் எல்லாக் கிராமங்களுக்கும் இவ்வசதி இல்லை. மேயர் அலுவலகத்தில் கழிவுநீர் வரைபடத்தைக் கேட்டுப் பார்த்த பின்னரே, விற்பனைப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போக வேண்டும்.

போஸுக்குக் குறைகள் உண்டு. தீவிர வேளாண்மையால் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஒரு நெடுநாள் சிக்கல்; சட்டவரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். மேயர் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் குடிநீர்ச் சோதனை முடிவை நான் தவறாமல் படிக்கிறேன். ஜூலையில் அறுவடை இயந்திரங்கள் நள்ளிரவு வரை ஓடும்போது ஜன்னலைத் திறக்க முடியாது. நிலங்களை ஒன்றிணைத்த சீரமைப்புக்கும் டிராக்டருக்கும் பின் உழவர் குறைந்துவிட்டனர். எங்கள் ஊரில் 1914–1918 போர் நினைவுத்தூணில் உள்ள பெயர்கள், காலையில் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைவிட அதிகம்.

பெர்ஷில் நாங்கள் தங்கியது வாடகை வீடொன்றில் இரண்டு வாரங்கள் மட்டுமே, அதுவும் மே மாதத்தில். அங்குள்ள குளிர்காலத்தைப் பற்றியோ அயலாரைப் பற்றியோ நான் பேசுவது முறையாகாது. பாரிஸ்காரர்கள் விடுமுறை வீடு தேடி அங்கே வருவதால் மறுவிற்பனை போஸைவிட எளிதாகவும் இருக்கலாம். அந்த ஒரு அறிக்கை மட்டும் குறையின்றி வந்திருந்தால் இந்நேரம் அங்கேதான் ஆப்பிள் பறித்துக்கொண்டிருப்போம் என்று மனைவி இன்னமும் சொல்கிறார். மறுக்க என்னிடம் பதில் இல்லை.