கோகுலாஷ்டமி பட்சணம்: சீடையை நம்பலாம், அப்பத்தை நம்ப வேண்டாம்

முழங்கால் வலி வந்த பிறகு எண்ணெய்ச் சட்டி முன்னால் மணிக்கணக்கில் நிற்க என்னால் முடிவதில்லை. அதனால் கிருஷ்ணனுக்கான பட்சணங்களை இந்த வருடம் மேற்கு மாம்பலத்தில், வீட்டின் முன்கட்டிலேயே வியாபாரம் நடத்தும் ஒரு கடையில் சொல்லிவைத்து வாங்கினேன்.

உப்புச் சீடை முதல் தரம். தேங்காய் எண்ணெயில் பொரித்தது என்பதை டப்பாவைத் திறந்ததுமே மூக்கு சொல்லிவிட்டது. மேல்பக்கம் சற்றுச் சொரசொரப்பாக இருந்தது; விஷயம் தெரிந்த கை. அழுத்தி வழவழவென்று உருட்டினால், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சீடை சட்டியிலேயே வெடிக்கும். இங்கே உளுத்தம்மாவை நன்றாகச் சலித்து, உருட்டியதை வெள்ளைத் துணியில் பரப்பி உலர்த்துகிறார்கள். எட்டிப் பார்த்தேன், யாரும் தடுக்கவில்லை. கடித்தால் கரகரவென்று உடைகிறது. நடுவே தேங்காய்த் துண்டு அகப்படுகிறது.

கைமுறுக்கு ஐந்து சுற்று. ஒரு அம்மாள் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திருகித் திருகி வட்டமாகச் சுற்றிக்கொண்டே போனார். பேச்சு ஒருபக்கம், கை ஒருபக்கம். ஒன்று 25 ரூபாய். அந்த விரல்களைப் பார்த்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை.

ருசி பார்க்க ஒரு சீடை கேட்டேன். "மாமி, நைவேத்தியத்துக்கு எடுத்துவைத்ததில் கைவைக்க மாட்டேன். சில்லறைக்கு விற்பது அந்த டப்பாவில் இருக்கிறது, அதில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கல்லாவில் இருந்தவர். மனதுக்கு நிறைவாக இருந்தது.

வெல்லச் சீடையில்தான் கோட்டை விட்டுவிட்டார்கள். பாகு முற்றிப்போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு இரவுச் செய்தி முழுவதையும் பார்த்து முடித்தார். அப்பத்தைச் சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டியதால் வியர்த்து, ஓரமெல்லாம் நைந்திருந்தது. போன் செய்து சொன்னேன். "கூட்டம், மாமி" என்பதுதான் பதில். கூட்டம் வரும் என்று கிருஷ்ணன் பிறந்த நாளிலிருந்தே தெரியுமே!

தட்டை பரவாயில்லை. தேவகிக்குப் பிள்ளை பெற்ற மருந்து என்று நாம் வைக்கும் சுக்கு வெல்லத்தைச் சிறு பொட்டலமாகச் சேர்த்தே தருகிறார்கள். அவல், வெண்ணெய், நாவல் பழம் எல்லாம் நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடையில் சொல்லிவைக்கும்போது எந்த நாளுக்கு வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அஷ்டமி திதியைப் பார்ப்பவர்களுக்கும் ரோகிணி நட்சத்திரத்தைப் பார்க்கும் வைணவர்களுக்கும் பண்டிகை வெவ்வேறு நாளில் வரலாம். கடையில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பொரிக்கிறார்கள். பாதிப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும்; வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை.

அடுத்த வருடமும் சீடைக்கும் முறுக்குக்கும் அங்கேதான் போவேன். அப்பத்துக்குக் கொஞ்சம் கோதுமை மாவும் வெல்லமும் ஒரு வாழைப்பழமும் போதும். அவ்வளவு நேரம் என் முழங்கால் தாங்கும்.