எதிர்ப்பு ரகமா, உமிச்சாம்பலா? புகையானுக்கு எதை நம்புவது

நெல் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தாங்கும் என்று சொன்ன நெல் ரகத்தைத்தான் நட்டிருந்தேன். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயலின் நடுவே வட்டமாகக் காயத் தொடங்கியது. தூரை விலக்கிப் பார்த்தால், தண்ணீருக்குச் சற்று மேலே தண்டில் புகையான்கள் பழுப்பாக அப்பிக் கிடக்கின்றன. அதற்கப்புறம்தான் உமிச்சாம்பலிலும் வைக்கோலிலும் இருக்கும் சிலிக்கான் என்ற சத்தின் பக்கம் வந்தேன். அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எதிர்ப்பு ரகத்தின் வசதியை விளக்கத் தேவையில்லை. எல்லாம் விதைக்குள்ளேயே இருக்கிறது, நட்டால் போதும். உள்ளே நடப்பதும் அருமையான வேலைதான். புகையான் ஊசி வாயை இறக்கியதும் பயிர் தன் சாற்றுக்குழாயில் கேலோஸ் என்ற பசைபோன்ற பொருளை அடைத்துவிடும். சாதாரண ரகத்தில் இந்த அடைப்பு சீக்கிரமே கரைந்து, பூச்சி திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிடும். எதிர்ப்பு மரபணு உள்ள ரகத்தில் அடைப்பு நிற்கும், பூச்சி பட்டினி கிடக்கும்.

சிக்கல், இது எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான். என் முடிவை மாற்றியதும் இதுதான். பிபிஎச்1 என்ற ஒரே மரபணுவை நம்பி, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐஆர்26 ரகம் 1973-ல் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதையும் தின்னப் பழகிய புகையான் கூட்டம் கிளம்பிவிட்டது. 1976-ல் ஐஆர்36 இன்னொரு மரபணுவோடு வந்தது. கொஞ்ச காலம் நன்றாக நின்றது, பிறகு அதற்கும் அதே கதி. காரணம் எளிது. பரந்த நிலம் முழுக்க ஒரே பூட்டைத் தொங்கவிட்டால், லட்சக்கணக்கான பூச்சிகளில் சாவி வைத்திருக்கும் ஒன்றிரண்டு பிழைத்துப் பெருகும். பூட்டு உடைந்த நாள் யாருக்கும் தெரியாது, வயலில் வட்டம் விழுந்த பிறகுதான் தெரியும். பல மரபணுக்களைச் சேர்த்த ரகங்கள் கூடுதல் காலம் நிற்கும் என்பது நியாயமான வாதம். அப்படிப்பட்ட ரகத்தை நான் ஒரு பருவம்தான் நட்டேன். அந்தப் பருவம் பூச்சியே குறைவு, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சிலிக்கானுக்கு வருவோம். நெல் இதை உறிஞ்சுவதில் கில்லாடி. தண்டு, இலையின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட, சிலிக்கான் ஆக்சிஜனோடு சேர்ந்த சிலிக்காவாகச் சேரும். ‘இலை கண்ணாடிபோல இறுகிவிடும், பூச்சியால் குத்த முடியாது’ என்றுதான் பலர் சொல்கிறார்கள். கடித்துத் தின்னும் புழுவுக்கு அது பொருந்தும். சாறு உறிஞ்சும் பூச்சியோ மெல்லிய ஊசியை இடுக்கு வழியே நுழைத்துவிடும். அதனிடம் எடுபடுவது வேறு விஷயம்: சிலிக்கான் உள்ள பயிர், தாக்குதல் வந்ததும் கேலோஸை இன்னும் சீக்கிரமாக அடைக்கிறது. பூச்சி செத்துவிடாது. குறைவாகக் குடிக்கும், மெதுவாக வளரும், குஞ்சும் குறையும். மிதமான பாதுகாப்புதான். ஆனால் பூச்சி உடைத்துத் திறக்க இங்கே ஒற்றைப் பூட்டு இல்லை.

இதற்கு வேலை உண்டு, மறைக்கவில்லை. ஒரு டன் நெல் விளைய சுமார் 80 கிலோ சிலிக்கான் மண்ணிலிருந்து போகிறது. அதில் பெரும்பகுதி வைக்கோலில் இருக்கிறது. வைக்கோலை முழுக்க ஏற்றி அனுப்பிவிட்டுக் கடையில் சிலிக்கேட் உரம் தேடுவது, வீட்டுக் குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீருக்கு அலைவது மாதிரி. நான் பாதி வைக்கோலை மடக்கி உழுகிறேன், உமிச்சாம்பலை அடியுரத்தோடு போடுகிறேன். சாம்பலில் ஒரு நுணுக்கம் உண்டு. கொழுந்துவிட்டு எரிந்து வெளுத்த சாம்பலில் சிலிக்கா படிகமாக இறுகியிருக்கும், சுலபத்தில் கரையாது. நிதானமாகக் கருகிய கறுப்புச் சாம்பல்தான் பயிருக்கு உதவும். முதல் வருடம் வெள்ளைச் சாம்பலைக் கொட்டி ஏமாந்தேன். அடுத்த முறை இலையை விரலிடுக்கில் இழுத்தபோதே சுணை வேறாக இருந்தது.

மூன்றாவது வழியாக, பயிரின் எதிர்ப்பைத் தட்டி எழுப்பும் ஜாஸ்மோனேட் என்ற தாவர ஹார்மோன் வகைத் தெளிப்பு இருக்கிறது. ஆராய்ச்சி வயலில் சுவாரசியமானது, பயிரின் வளர்ச்சியைக் கொஞ்சம் விலையாகக் கேட்கும். நான் தெளித்ததில்லை. ஆய்வில் பலித்தது வயலிலும் பலிக்கும் என்றில்லை: கோதுமையில், அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சியை விரட்டும் எச்சரிக்கை வாசனையைப் பயிரே வெளியிடும்படி மரபணு மாற்றி, 2012, 2013-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலைய வயலில் சோதித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஓடிய அசுவினி வயலில் அசையவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் யூரியாவை அள்ளிக் கொட்டினால் எல்லாம் வீண். தழைச்சத்து மிகுந்த பயிரின் சாறு புகையானுக்கு விருந்து. சரி, வந்துவிட்டதே என்று பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தைத் தெளித்தால், புகையானைத் தின்னும் சிலந்திகளும் செத்து, புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

வெட்டுப்புழுவும் தண்டுதுளைப்பானும் சேர்ந்து வரும் வயல் என்றால் சாம்பல் பக்கம் எடை இன்னும் கூடும். மாடு வைத்திருப்பவர் மட்டும் ஒருமுறை யோசிக்க வேண்டும். சிலிக்கா ஏறிய வைக்கோல் எளிதில் செரிக்காது. என் மாடுகளும் அதை முகர்ந்துவிட்டுப் பழைய வைக்கோல் போருக்குத்தான் போகின்றன.