ஸ்டைலோ: எழுதியது யார் என்று தேடுகிறவர்களுக்கு

ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது வேறு ஆள் என்று யாராவது ஆரம்பிக்கும்போது, வாய்ச்சண்டை போடாமல் நாமே சோதித்துப் பார்க்க ஒரு கருவி வேண்டும் என்றால் ஸ்டைலோவைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆர் (R) என்ற நிரல்மொழியில் ஓடுகிறது, இலவசம். ஆங்கிலத்தில் தி, ஆஃப், அண்ட் மாதிரி சின்னச் சொற்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று எண்ணி, எந்த நூலின் நடை எதற்கு நெருக்கம் என்று கிளைப்படம் போட்டுத் தரும். எழுதுகிறவர் யோசிக்காமலே வந்து விழும் சொற்கள் அவை, அதனால் இன்னொருவர் நடையைப் பார்த்து எழுதுகிறவர்கூட அவற்றைக் கோட்டைவிடுவார்.

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, ஒரு கட்டளை கொடுத்தால் ஜன்னல் திறக்கும். பெரிய வேலை ஃபைல்களைச் சுத்தம் செய்வதுதான். நாடகத்தில் ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் பாத்திரத்தின் பெயர் நிற்கும். அதை நீக்காவிட்டால் ஹாம்லெட் என்ற பெயரே அதிகம் வரும் சொற்களில் ஏறிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். பழைய எழுத்துக்கூட்டலும் புதியதும் கலந்தாலும் இதே கதிதான்.

ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். உண்மையான ஆசிரியர் நாம் கொடுத்த பட்டியலிலேயே இல்லாவிட்டாலும் படம் யாரையாவது பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் டி வீர்தான் ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதினார் என்று 1920இல் தாமஸ் லூனி என்ற ஆங்கிலேயர் கிளப்பிய வாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், டி வீர் பெயரில் ஒரு நாடகம்கூட மிஞ்சவில்லை, சில கவிதைகளும் கடிதங்களும்தான். அளவிலும் வகையிலும் பொருந்தாத அவற்றை முழு நாடகங்களோடு ஒப்பிட்டு வந்த படத்தை யார் ஆதாரமாக நீட்டினாலும் நம்பாதீர்கள். டி வீர் 1604இல் இறந்தார், ஷேக்ஸ்பியரின் டெம்பெஸ்ட் நாடகம் எழுதப்பட்டது 1610-11 வாக்கில் என்பதே அதைவிடப் பலமான பதில்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கூட்டாக எழுதிய நூல்களுக்கான ரோலிங் வசதி. டூ நோபிள் கின்ஸ்மென் என்ற நாடகம் 1634இல் அச்சானபோதே முகப்பில் ஜான் ஃப்ளெட்சர் என்ற நாடகாசிரியர், ஷேக்ஸ்பியர் இருவர் பெயரும் இருந்தன. அதை மொத்தமாகக் கொடுத்தால் ஏதோ ஒரு கிளையில் தொங்கும், அவ்வளவுதான். ரோலிங்கில் துண்டு துண்டாக நகர்ந்து, எந்த இடத்தில் யார் கை ஓங்குகிறது என்று காட்டப் பார்க்கிறது.

முதலில் ஆசிரியர் யாரென்று சந்தேகமே இல்லாத நூல்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அவை ஒழுங்காகப் பிரிந்தால், அப்புறம் சந்தேக நூலைச் சேருங்கள்.