புர்கினா பாசோ: பகல் வெயிலை இரவுக்கு எடுத்துவைக்க மூன்று வழிகள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. பொழுது சாய்ந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். தலைநகர் வாகடூகு அருகே சாக்துலியில் 2017இல் திறந்த 33 மெகாவாட் சூரிய மின்நிலையம்கூடப் பகலில்தான் ஓடும். மின்கம்பி எட்டாத கிராமத்துக்கு மூன்று வழிகள் உண்டு: பேனலோடு பேட்டரி, பேனலோடு டீசல் ஜெனரேட்டர், கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து வெப்பமாகவே சேமித்து, பிறகு அதில் டர்பைன் ஓட்டுவது. பின்னிரண்டிலும் வாகடூகுவின் சர்வதேச நீர், சுற்றுச்சூழல் பொறியியல் கழகம் நிறைய வேலை செய்திருக்கிறது.

பேட்டரிக்கு அங்கே எமன் வெப்பம்தான். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். லெட்-ஆசிட் பேட்டரியின் சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். லித்தியம் இன்னும் கொஞ்சம் தாங்கும், விலையும் இறங்கி வருகிறது. ஆனால் செத்துப்போனால் மறுபடி வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

அதனால் பேட்டரியே வேண்டாம் என்று கிளம்பியதுதான் ‘ஃப்ளெக்ஸி எனர்ஜி’. அந்தக் கழகத்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட யோசனை அது. தண்ணீர் பம்பு, மாவு மில் போன்றவற்றைப் பகலுக்குத் தள்ளி பேனலின் மின்சாரத்தை உடனுக்குடன் செலவழித்துவிடுவது, இரவுக்கு ஜெனரேட்டரை ஓட்டுவது. பழுதானால் பக்கத்து ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார், இது பெரிய பலம். பலவீனம் எரிபொருள். கடலே இல்லாத நாடு, டீசல் லோமே, அபிஜான் போன்ற துறைமுகங்களிலிருந்து லாரியில் வருகிறது. இன்னொன்று, பகலிலும் பேனலுக்குத் துணையாக ஜெனரேட்டரை ஓட்டினால், பேனல் நிறையக் கொடுக்கும்போது அதை மிகக் குறைந்த சுமையில் ஓடவிட எரியாத எண்ணெய் கரியாகப் படியும்.

மூன்றாவது வழிதான் உள்ளூர்ப் பொருளை நேராகக் கையில் எடுக்கிறது. பெரிய வெப்ப மின்நிலையங்கள் நைட்ரேட் உப்புக் கலவையில் சூட்டைச் சேமிக்கின்றன. அது 220 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும், கிராமத்துக்கு ஒத்துவராது. அதற்கு மாற்றாக வாகடூகு ஆய்வாளர்கள் காட்டாமணக்கு எண்ணெயையும் செம்பூராங்கல் போன்ற பொருள்களையும் சோதித்தார்கள். தின்ன உதவாத எண்ணெய், வறண்ட நிலத்திலும் வளரும் செடி, தோண்டிய இடமெல்லாம் கல். ஒரே தொட்டியில் கல்லை நிரப்பி மேலிருந்து சூடான எண்ணெயை இறக்கினால் மேல்பாதி கொதிக்க, அடிப்பாதி ஆறியே இருக்கும். கேட்கவே ஆசையாக இருக்கிறது.

சரி, கணக்குப் போடுவோம். ஒரு டன் கல்லை 100லிருந்து 200 டிகிரிக்கு ஏற்றினால் சுமார் 23 யூனிட் வெப்பம் சேரும். இந்த அளவுச் சூட்டில் ஓடும் சிறிய டர்பைன் அதில் பத்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கினாலே அதிகம். ஆக, கிடைப்பது இரண்டு யூனிட்டும் சொச்சமும். அதே அளவை 60 கிலோ எடையுள்ள ஒரு 200 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி வைத்துக்கொள்ளும். போதாததற்கு, கண்ணாடிக்கு நேர்வெயில் வேண்டும். ஹர்மத்தான் காற்று சஹாராவின் தூசியைக் கொண்டுவந்து வானத்தை மூடும் மாதங்களில் பேனல் ஓரளவாவது கொடுக்கும், குவிக்கும் கண்ணாடி படுத்துவிடும்.

அந்த 23 யூனிட்டை மின்சாரமாக மாற்றாமல் வெப்பமாகவே செலவழித்தால் கதையே வேறு. வழியில் போகும் இழப்பைக் கழித்தாலும் 200 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். சிவப்புச் சோளத்தில் டோலோ என்ற உள்ளூர் பீரைக் காய்ச்சும் பெண்கள் பெரிய பானைகளின் கீழ் மணிக்கணக்காக விறகு எரிக்கிறார்கள். ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுக்கிறவர்களுக்கும் அதே விறகு, அதே புகை. போபோ-டியூலாசோ நகரத்துப் பக்கம் மாம்பழம் உலர்த்தக் காசு கொடுத்து கேஸ் வாங்குகிறார்கள். இந்த வேலை எதற்கும் 200 டிகிரிக்கு மேல் தேவையில்லை. மாம்பழ சீசனும் ஹர்மத்தான் ஓய்ந்த பிறகு, ஏப்ரலில்தான் சூடுபிடிக்கிறது.

என்னைக் கேட்டால் விளக்குக்கும் ஃபேனுக்கும் பேனலும் பேட்டரியும்தான். ஏற்கெனவே ஜெனரேட்டர் ஓடும் ஊரில் அதைத் தூக்கி எறியாமல் ஃப்ளெக்ஸி முறைக்கு மாற்றலாம். காட்டாமணக்கு எண்ணெயும் செம்பூராங்கல்லும் நல்ல ஆராய்ச்சி, அதை டர்பைனோடு கட்டிப்போட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. அடுத்த மாதிரித் தொட்டியை ஒரு டோலோ காய்ச்சும் முற்றத்தில் நிறுத்தி, ஒரு பானைக்கு எவ்வளவு விறகு மிச்சமாகிறது என்று எடைபோட்டுப் பார்க்கவேண்டும்.